நமக்கு அரைப் பெயர், அவர்களுக்கு முழுப் பெயரா?



காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து பறித்தாலும், நிறுவையில் கிலோ குறைந்தால் நமக்கு அரைப் பெயர்தான். வேலைக்குப் போகாத நாளுக்குச் செக்ரோலில் பெயரே விழாது. செய்த வேலைக்கு மட்டுமே கூலி என்ற பாடத்தைத் தோட்டக் கம்பனிகள் நமது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே நமக்குப் படிப்பித்து வருகின்றன. அந்தப் பாடத்தை நாம் நன்றாகவே படித்திருக்கிறோம்.

ஆனால் நமது பிள்ளைகளுக்குப் பட்டம் விற்கும் தனியார் நிறுவனங்களிடம் இந்தப் பாடம் செல்லாதாம். பிள்ளை மூன்று வாரம் வகுப்புக்குப் போய் விலகினாலும் முழு வருடக் காசு வேண்டுமாம். படிப்பிக்காத நாளுக்கும் முழுப் பெயர் போடச் சொல்கிறார்கள். கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள்.

இதை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கொக்கிளாயிலிருந்து வந்த கணக்கு

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்கிறார் எமது அங்கத்தவர் ஒருவர். அவருடைய அக்கா வன்னிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையை விட்டு வன்னியில் குடியேறிய சொந்தங்கள் மூலம் அமைந்த சம்பந்தம் அது. இப்போது இருப்பது கொக்கிளாயில். கணவர் களப்பில் தொழில் செய்பவர். 1984 டிசெம்பரில் சனங்கள் விரட்டப்பட்டு, போர் முடிந்த பின்னரே திரும்பி வந்து குடிசை போட்ட ஊர் அது. அங்கே உயர்தரம் சித்தியடைவது சின்ன விசயமல்ல. அக்காவின் மகள் சித்தியடைந்தாள்.

பெறுபேறு வந்த கையோடு கொழும்பு நிறுவனம் ஒன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. இடம் முடியப் போகிறது, இந்த வாரமே பதிய வேண்டும் என்றார்கள். மலையிலிருந்து அம்மாயி தனது சேமலாப நிதிக் காசை எடுத்துக் கொடுத்தார். பதிவுக் கட்டணம் 30,000 ரூபா, முதலாம் செமஸ்டருக்கு 135,000 ரூபா. மாதச் சம்பளச் சீட்டு உள்ளவர் என்பதால் மாமா பிணையாளியாகக் கையெழுத்திட்டார். வகுப்புத் தொடங்கி 19 நாள் பிள்ளை போனாள். அந்த வேளையில் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருப்பதாக அறிவித்தல் வந்தது. அரச பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிக்க இடம் கிடைத்த பிள்ளை கொழும்பில் காசு கட்டிக்கொண்டு இருப்பாளா? விலகினாள்.

பிறகு வந்தது கடிதம். கட்டிய காசு திரும்பாது, முதல் வருடத்தின் இரண்டாம் செமஸ்டருக்கும் 135,000 ரூபா செலுத்த வேண்டும், அதுவரை மூலச் சான்றிதழ்கள் தரப்படமாட்டா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததால் பிணையாளியின் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே பல நாள் கிடந்து, பிறகுதான் கைக்குக் கிடைத்தது.

135,000 ரூபா என்றால் என்ன? 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன்படி சரியாக நூறு பெயர். பிள்ளை ஒரு நாள்கூடக் கால் வைக்காத செமஸ்டருக்காக நூறு நாள் மலையேறச் சொல்கிறார்கள்.

நாங்கள் கொக்கிளாய்க்குப் போய் அந்தக் கடதாசிகளை வரிவரியாக வாசித்தோம். பின்னர் எங்கள் கணக்கைப் போட்டோம். செமஸ்டர் 15 வாரம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 75 வகுப்பு நாள். 135,000 ரூபாவை 75ஆல் பிரித்தால் நாளுக்கு 1,800 ரூபா. பிள்ளை போனது 19 நாள். ஆகவே படிப்பித்ததற்கான கூலி 34,200 ரூபா. பதிவுக் கட்டணம் 30,000 ரூபாவையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். மிச்சம் 100,800 ரூபா அம்மாயிக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் செமஸ்டர்க் காசு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் யாருடைய உழைப்பையும் ஏமாற்றச் சொல்லவில்லை. படிப்பித்த நாளுக்குக் கொடுக்கத் தயார் என்றுதான் எழுதிக் கேட்டிருக்கிறோம்.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

முதல் நியாயம், "கையெழுத்து". சரி, எந்தத் தாளில் வாங்கிய கையெழுத்து? விளம்பரம் தமிழில் வந்தது. தொலைபேசியில் பேசியது தமிழில். காசு எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கு என்று சொன்னதும் தமிழில். விலகினால் என்ன ஆகும் என்பது மட்டும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், ஏழாம் பக்கத்தில் இருந்தது. காசு வாங்க நமது மொழி தெரிகிறது, நிபந்தனை சொல்ல மட்டும் தெரியாமல் போகிறதா?

கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் சட்டமல்ல. ஒப்பந்தத்தை ஒருவர் முறித்தால் மற்றவருக்குக் கிடைக்க வேண்டியது அவருக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டம். தண்டனையாக ஒரு தொகையை எழுதி வைத்து, அதை அப்படியே கறந்துவிட எவருக்கும் சும்மா உரிமை வந்துவிடாது. வழக்குக்குப் போனால், "உமக்கு எவ்வளவு நட்டம்? அதைக் குறைக்க நீர் என்ன செய்தீர்?" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றி 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் ஒன்றே நாட்டில் இருக்கிறது. அது எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ஆனாலும் எழுதியதெல்லாம் நியாயமாகிவிடாது என்பதைப் பாராளுமன்றமே ஒத்துக்கொண்டதற்கு அது சாட்சி.

சாதாரண தரம் எழுதிய கையோடு பிள்ளைகளைப் பிடித்து அடிப்படைப் பாடநெறிகளில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் கையெழுத்தைக் காட்டிக் காசு கேட்டால், இலங்கையில் பராய வயது 18 என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இரண்டாம் நியாயம், "ஆசனம் வெறுமையாகிவிட்டது". 19ஆம் நாள் ஒரு பிள்ளை எழுந்து போனதால் விரிவுரையாளருக்குக் கொடுக்கும் சம்பளம் கூடியதா? மின்சாரக் கட்டணம் கூடியதா? இரண்டாம் செமஸ்டருக்கு இன்னும் பல மாதம் இருக்கும்போதே விலகல் கடிதம் கொடுத்தாயிற்று. அந்த இடத்துக்கு வேறு பிள்ளையைச் சேர்த்தார்களா இல்லையா என்பதைக் காட்டட்டும். சேர்த்திருந்தால் ஒரே கதிரைக்கு இரண்டு பேரிடம் காசு வாங்குகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

மூன்றாம் நியாயம், "உலகம் முழுக்க இப்படித்தான்". இல்லை தோழர்களே, உலகம் இப்படி இல்லை. பக்கத்து இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஒக்டோபரில் நாள் கணக்கு ஒன்றை அறிவித்தது. அனுமதிக்கான இறுதித் திகதிக்கு 15 நாள் முன்னரே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும், சிறு நிர்வாகச் செலவு மட்டும் கழிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 வீதம். இறுதித் திகதி கடந்து 15 நாள்வரை 80 வீதம், 30 நாள்வரை 50 வீதம். அதற்குப் பிறகுதான் ஒன்றும் இல்லை. மாணவரின் மூலச் சான்றிதழைப் பிடித்து வைப்பதையும் அதே அறிவித்தல் தடை செய்கிறது. இங்கிலாந்தில், மாணவர் கடனில் படிக்கும் பிள்ளை முதல் தவணையில் விலகினால் அந்த வருடக் கட்டணத்தில் 25 வீதமே பல்கலைக்கழகத்துக்குப் போகும். இரண்டாம் தவணையில் 50 வீதம். அவுஸ்திரேலியாவில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கணக்கெடுப்புத் திகதி உண்டு. அதற்கு முன் விலகினால் அந்தப் பாடத்துக்கான கடன் பிள்ளையின் தலையில் ஏறாது. அங்கேயும் கட்டணம் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. ஆனால் எந்த நாள் விலகினால் எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது. நமது பிள்ளைகளுக்கு இல்லாதது அந்தக் கணக்குத்தான்.

காத்திருக்கும் பிள்ளைதான் இரை

இந்தப் பொறி ஏன் நமது பிள்ளைகளின் காலில் அதிகம் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உயர்தரப் பெறுபேறு ஒரு நாளில் வருகிறது. வெட்டுப்புள்ளி வர மேலும் மாதங்கள் செல்கின்றன. அதற்குப் பிறகும் வெற்றிடங்களை நிரப்பும் தெரிவுகள் வந்துகொண்டிருக்கும். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. முல்லைத்தீவு அந்த 16இல் ஒன்று. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரியும் அதில் உண்டு. ஆகவே கொக்கிளாய்ப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இடம் கிடைக்குமா இல்லையா என்பது கடைசிப் புள்ளிவரை தெரியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்த மாதங்களைப் பொறுமையாகக் கழிக்கும். நமது வீட்டிலோ, "சும்மா இருந்தால் கார்மென்ட்சுக்குப் போக வேண்டிவரும், எங்கேயாவது சேர்த்துவிடுவோம்" என்று பதற்றம். அந்தப் பதற்றத்தைத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள்.

அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாவதைப் பிள்ளையின் ஒப்பந்த மீறல் என்கிறார்கள். அது குற்றமா? இந்த நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அப்போது தோட்டப் பாடசாலைகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை நமது பிள்ளைகள் துரைமாரின் தயவிலேயே அரிச்சுவடி படித்தார்கள். இவ்வளவு பிந்திக் கிடைத்த உரிமையைப் பயன்படுத்தியதற்கு 135,000 ரூபா தண்டமா?

நமது தோழர்கள் சிலருக்கு

சங்கத்துக்குள்ளேயும் ஒரு பேச்சு உண்டு. "தனியார் பட்டக் கடைகளையே நாம் எதிர்க்கிறோம். அங்கே போனவர்களின் காசுச் சண்டையை நாம் ஏன் தலையில் போட வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள்.

கல்வியை விற்பதை நாங்களும் எதிர்க்கிறோம். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக மாணவர்கள் வீதியில் நின்றபோது அவர்கள் பக்கமே நின்றோம். ஆனால் கடை தவறு என்பதற்காக, கடையில் ஏமாந்த தொழிலாளியைக் கைவிடலாமா? வட்டிக்காரனை எதிர்ப்பவர்கள் தானே வட்டிக்குள் மாட்டியவரைத் தூக்கிவிட வேண்டும்? தகுதி பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. அரசே 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டம் வைத்து, பிள்ளைகளை அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. போகும் வாசலைத் திறந்துவிட்ட அரசு, திரும்பி வரும் வாசலுக்கும் ஒரு விதி வைக்க வேண்டும். அதைக் கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை. அம்மாயியின் சேமலாப நிதி நமது சங்கம் போராடிக் காத்த காசு. அது போகிற இடத்தையும் நாம்தான் கேட்க வேண்டும்.

துண்டு திரும்பி வருகிறதா?

சான்றிதழைப் பிடித்து வைக்கும் விசயத்துக்கு வருவோம். இது நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. கங்காணியின் பற்றுக் கணக்கில் உள்ள கடனை அடைத்தால் ஆட்களை விடுவிப்போம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. புதுத் தோட்டம் கடனைக் கட்டும், கடனோடு சேர்ந்து ஆட்களும் கைமாறுவார்கள். கடன் அடையாவிட்டால் போக்கிடம் இல்லை. 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

நூறு வருடம் கழித்து இன்னொரு துண்டு வருகிறது. "காசைக் கட்டினால் உன் சான்றிதழைத் தருவோம். அதுவரை நீ வேறு எங்கேயும் பதிய முடியாது." கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பதற்கும், கடனுக்காக அந்த ஆளின் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும் பிடித்து வைப்பதற்கும் என்ன வித்தியாசம்?

கொக்கிளாய்ப் பிள்ளையை இந்தத் துண்டால் கட்ட முடியவில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்தோம். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் பெற்றோம். அவள் வவுனியாவில் பதிந்துவிட்டாள். இனி மிஞ்சியிருப்பது காசுக் கணக்கு.

செய்ய வேண்டியவை

பிள்ளையைச் சேர்க்குமுன்: மூலச் சான்றிதழைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரதி போதும். முழு வருடக் காசையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். "அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் காசு திரும்புமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது வகுப்புத் தொடங்கியதும் காற்றோடு போய்விடும். பிணைக் கையெழுத்துக்கு முன் கடதாசியைத் தோட்டத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். வாசித்துச் சொல்வது எங்கள் கடமை.

விலகும்போது: சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இது மிக முக்கியம். வராமல் நின்ற பிள்ளை இன்னும் படிக்கிறது என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். விலகும் திகதியைக் குறித்துக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். கட்டிய காசின் ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

கடிதம் வந்தால்: பயப்படாதீர்கள், பதில் போடாமலும் இருக்காதீர்கள். தோட்ட ஆபீசுக்குக் கடிதம் வந்துவிட்டது என்பதற்காக, உங்கள் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் செக்ரோலில் வெட்ட முடியாது. ஆபீசில் எந்தச் சம்மதத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். இந்த அளவுத் தொகைத் தகராறு நீதிமன்றத்துக்குப் போகுமுன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை அது. அங்கிருந்து அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, நமது கணக்கை நாமே சொல்லலாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. கட்டணம் திருப்பும் விதி என்ன, எத்தனை பேருக்குத் திருப்பினீர்கள், காலியான இடத்துக்கு ஆள் சேர்த்தீர்களா என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கொக்கிளாய்ப் பிள்ளைக்காக நாங்கள் அந்தக் கேள்விகளை அனுப்பியிருக்கிறோம்.

நமது கோரிக்கைகள்

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கடிதம் எழுதி இது தீராது. சட்டம் வேண்டும். பட்டம் வழங்கும் நிறுவனங்களுக்கு 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் கொடுப்பது அரசு. கொடுக்கும்போதே நிபந்தனையும் வைக்கலாம். நாம் கேட்பது ஐந்து.

ஒன்று, விலகும் நாளைப் பொறுத்து எத்தனை வீதம் திரும்பும் என்ற அளவு நாடு முழுவதற்கும் ஒன்றாக அறிவிக்கப்பட வேண்டும். இரண்டு, தொடங்காத செமஸ்டருக்குக் காசு கேட்கக் கூடாது. மூன்று, அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி விலகும் பிள்ளையிடம் படிப்பித்த நாளுக்கும் நியாயமான பதிவுச் செலவுக்கும் மேல் ஒரு சதமும் வாங்கக் கூடாது. நான்கு, மூலச் சான்றிதழைப் பிடித்து வைப்பது குற்றமாக்கப்பட வேண்டும். ஐந்து, எந்த மொழியில் பிள்ளையைச் சேர்க்கிறார்களோ அந்த மொழியிலேயே ஒப்பந்தமும் இருக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் அடுத்த மாவட்டக் கமிட்டிக் கூட்டங்களில் தீர்மானமாக எடுக்கும்படி ஒவ்வொரு தோட்டத் தலைவரையும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் லயத்தில், உங்கள் சொந்தத்தில், வன்னியில் இருக்கும் உறவில் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் மறைக்காமல் கொண்டு வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் கடிதம் அனுப்பியவர்கள். பத்துக் கடிதம் சேர்ந்தால் அது முறைப்பாடு. நூறு சேர்ந்தால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.

படிப்பித்த நாளுக்குக் கணக்குக் காட்டுங்கள், தருகிறோம். படிப்பிக்காத நாளுக்கு மலையேற எங்களால் முடியாது.